வறுமையும் ஊராட்சியும்: யார் ஏழை என்பது யாருக்குத் தெரியும்?

1990-களின் தொடக்கத்தில் கேரளத்தின் ஆலப்புழை நகராட்சியில் ஏழைக் குடும்பங்களைக் கண்டறிய ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மாத வருமானம் எவ்வளவு என்ற கேள்வியை அதில் ஓரமாக வைத்துவிட்டு, ஒன்பது அடையாளங்களைப் பார்த்தார்கள். வீடு மண்ணாலும் ஓலையாலும் ஆன உறுதியற்ற கச்சா வீடா, நல்ல குடிநீர் கிடைக்கிறதா, கழிப்பறை உண்டா, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கிறாரா, சம்பாதிப்பவர் ஒருவர் மட்டும்தானா, அல்லது அந்த ஒருவரும் இல்லையா, இரண்டு வேளைச் சாப்பாடே இழுபறியா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா, குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் இருக்கிறாரா, பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பமா. இவற்றில் நான்கு பொருந்தினால் அது ஏழைக் குடும்பம் என்று முடிவு செய்தார்கள். கணக்கெடுப்பில் துணை நின்றவர்கள் அதே பகுதியில் வசிக்கும் பெண்கள்.

இந்த ஒன்பதில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை. கூரை தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். அடுப்பு எரிந்ததா இல்லையா என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். மாறாக, கூலி வேலை செய்பவரிடம் மாத வருமானத்தைக் கேட்டால் அவராலேயே சரியாகச் சொல்ல முடியாது. நடவு நடக்கும் மாதத்தில் ஒரு தொகை, ஐப்பசி அடைமழையில் வேறொரு தொகை, காய்ச்சலில் படுத்த வாரத்தில் ஒன்றுமில்லை. அவர் சொல்வதைச் சரிபார்க்க அதிகாரிக்கும் வழியில்லை. வருமானச் சான்றிதழில் காணப்படும் தொகை, விண்ணப்பிக்கும் திட்டத்தின் வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின் எழுதப்பட்டதாக இருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

வறுமையைக் குறைப்பதில் உள்ளாட்சியின் பங்கு என்ன என்ற கேள்விக்கு முதல் விடை இந்த அறிதல்தான். யார் ஏழை, எதனால் ஏழை, இன்று அவருக்கு எது இல்லை என்பதை அருகிலிருந்து தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உள்ளாட்சிக்கு உண்டு. தலைநகரங்களில் உட்கார்ந்திருக்கும் அரசுகளுக்குக் கணக்கெடுப்பு வழியாகக் கிடைப்பது எண்ணிக்கை மட்டுமே. பணமும் கட்டடமும் திட்டங்களும் இந்த அறிதலுக்குப் பின்னால் வருபவை.

உள்ளாட்சி என்பது எது?

ஓர் ஊரின் அல்லது நகரின் பொதுக் காரியங்களை, அங்கேயே வாழும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நடத்தும் அமைப்பை உள்ளாட்சி என்கிறோம். தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்று அடுக்குகளும், நகர்ப்புறத்தில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அளவுக்கேற்ற மூன்று வகைகளும் உள்ளன. 1992-இல் நிறைவேற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள், ஐந்து ஆண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு ஆகியவற்றை இந்த அமைப்புகளுக்கு உறுதிசெய்தன. தமிழ்நாடு 1994-இல் தனக்கென ஊராட்சிகள் சட்டத்தை இயற்றிக்கொண்டது. பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பின்னாளில் 50 சதவீதமாக உயர்த்தியது.

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 29 பொருள்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. வேளாண்மை, சிறு பாசனம், குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, பொது விநியோகம் ஆகியவற்றோடு, 16-ஆவது இடத்தில் வறுமை ஒழிப்புத் திட்டமும் இருக்கிறது. நகரங்களுக்கான பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பொருள்களில் குடிசைப் பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் இடம்பெறுகின்றன. ஆகவே, ஏழ்மையைக் குறைப்பது உள்ளாட்சியின் வேலையா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் இந்தப் பொருள்களை மாநில அரசு ஊராட்சிகளுக்கு வழங்கியே ஆக வேண்டும் என்று அரசியலமைப்பு கட்டளையிடவில்லை. சட்டமன்றம் வழங்கலாம் என்றுதான் சொல்கிறது. ஒரே நாட்டில் ஒரு மாநிலத்து ஊராட்சி மருத்துவமனையை நிர்வகிப்பதும், இன்னொரு மாநிலத்து ஊராட்சி தெருவிளக்கோடு நின்றுவிடுவதும் இந்த ‘லாம்’ விகுதியால் விளைந்தவை.

பெயரில்லாத வறுமை ஒழிப்பு

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாகச் சொல்பவை தெருவிளக்கு, ஊர்ச்சாலை, கழிவுநீர் வடிகால், துப்புரவு, பொதுக் கழிப்பறை, சுடுகாடு இடுகாடு, குடிநீர் போன்றவையே. இவற்றில் எதன் மீதும் வறுமை ஒழிப்பு என்ற பலகை தொங்குவதில்லை. இருந்தாலும் ஓர் ஏழை வீட்டின் வரவுசெலவை உண்மையில் ஆட்டிவைப்பவை இவைதான்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரின் காயில் எரிந்துவிடுகிறது. ஊராட்சி அதை இரண்டு நாளில் கழற்றி, பட்டறைக்கு அனுப்பி, சரிசெய்துவிடலாம். இரண்டு வாரம் இழுத்தடிக்கவும் செய்யலாம். சொந்தக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ள வீட்டுக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வயற்காட்டுக் கிணற்றுக்கு நடக்கும் பெண்ணுக்கோ, காலை எட்டு மணிக்குள் வேலைத்தளத்தில் நிற்க முடியாமற்போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நட்டம். நல்ல நீர் கிடைக்காத குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவச் செலவு, அதற்காக வாங்கும் கைமாற்று, அந்தக் கைமாற்றுக்கு வட்டி என்று கணக்கு நீளும். பல குடும்பங்கள் நிரந்தரக் கடனுக்குள் விழுவதற்குக் காரணம் இப்படிப்பட்ட சின்னச் சின்ன இடறல்கள்தான். பெரிய பேரிடர்கள் எப்போதாவதுதான் வருகின்றன. குழாயின் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடைசித் தெரு பெரும்பாலும் எந்தத் தெரு என்பதை ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வேலை தருவதிலும் ஊராட்சிக்கு இடமுண்டு. நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த திட்டத்துக்கு அடிப்படையான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பங்களைப் பதிவு செய்து வேலை அட்டை வழங்கும் பொறுப்பை ஊராட்சியிடம் கொடுத்தது. மொத்தப் பணிகளில் மதிப்பின்படி குறைந்தது பாதியை ஊராட்சிகள் வழியாகவே நிறைவேற்ற வேண்டும் என்றது. ஊரின் வாக்காளர்கள் கூடும் கிராம சபை, கணக்கை எல்லோர் முன்னிலும் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைச் செய்ய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். எந்தக் கண்மாயைத் தூர்வாருவது, எந்த வாய்க்காலைச் செப்பனிடுவது என்பதை ஊரே தீர்மானிக்கும்போது, கூலியும் கிடைக்கிறது, அடுத்த போகத்துக்குத் தண்ணீரும் நிற்கிறது. 2025 டிசம்பரில் அச்சட்டத்துக்கு மாற்றாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

நகரங்களைப் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும், தயிர் சாதம் மூன்று ரூபாய்க்கும் விற்கப்பட்டன. சமைத்துப் பரிமாறியவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். சுமை தூக்குபவர் ரேஷன் அட்டையைக் காட்டாமல், எந்த ஊர்க்காரர் என்று சொல்லாமல் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நகர்ப்புற ஏழைகளில் முகவரிச் சான்று இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

தலைவரால் முடியாத காரியங்கள்

ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். வயது அறுபத்து மூன்று. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இறப்பை யாரும் பதிவு செய்யவில்லை, ஆதலால் இறப்புச் சான்றிதழ் இல்லை. ரேஷன் அட்டை இன்னமும் கணவர் பெயரிலேயே இருக்கிறது. ஆதாரில் பிறந்த ஆண்டு யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. அதன்படி அவருக்கு ஐம்பத்தைந்து வயதுதான். முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது குறைகிறது, விதவை ஓய்வூதியத்துக்குச் சான்றிதழ் குறைகிறது. அவர் ஏழை என்பது தெருவுக்கே தெரியும், தாளுக்குத் தெரியாது.

இந்தப் பெண்மணி ஊராட்சித் தலைவரிடம் வந்து முறையிட்டால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், ஊராட்சியின் ஊழியர் அல்லர். ஓய்வூதியத்தை அனுமதிப்பவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறார். ரேஷன் அட்டை வட்ட வழங்கல் அலுவலரிடம் போக வேண்டும். ஆதார் திருத்தத்துக்கு வேறொரு மையம். ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையின் கீழும், அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழும் இயங்குகின்றன. தலைவருக்கெனச் சொந்தமாக இருப்பது ஊராட்சிச் செயலர், தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோர்தான். ஆகவே நல்ல தலைவராக இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். இன்னும் நல்லவராக இருந்தால் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் தானும் நிற்பார். அதற்கு மேல் அதிகாரம் என்று சொல்லத்தக்கது அவரிடம் இல்லை.

கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சிச் செயலரையும் ஒருவரென்றே நினைத்துக்கொள்பவர்கள் பலர். இருவரும் ஒரே தெருவில், சில ஊர்களில் ஒரே வளாகத்தில்கூட உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒருவர் பதில் சொல்ல வேண்டியது மாவட்ட வருவாய் நிர்வாகத்துக்கு, மற்றவர் வேலை செய்வது தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிக்கு. தெரிந்தவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குத் தெரியாது என்ற நிலை இந்தப் பிரிவினையிலிருந்து பிறக்கிறது.

கேரளம் செய்து பார்த்தது

இந்த இடைவெளியை மூடும் முயற்சியாகக் கேரளத்தின் அனுபவத்தைப் பார்க்கலாம். 1996-இல் அங்கே மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தார்கள். தொடக்க சுகாதார நிலையம், வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, அங்கன்வாடி ஆகியவை கிராம ஊராட்சிகளிடம் வந்தன. ஆலப்புழையில் முளைத்த பெண்கள் குழு முறை வளர்ந்து 1998-இல் குடும்பஸ்ரீ என்ற மாநிலம் தழுவிய இயக்கமானது. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். அவை வார்டு அளவில் ஒன்றாகவும், உள்ளாட்சி அளவில் இன்னொன்றாகவும் இணைந்திருக்கும். கேரளத்தில் கிராம சபையும் வார்டுக்கு ஒன்று என்பதால், பட்டியல் வாசிக்கப்படும் கூட்டத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் உண்மையிலேயே அறிந்தவர்கள்.

இந்த அடித்தளத்தின் மேல்தான் 2021-இல் அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டம் எழுந்தது. வடக்காஞ்சேரி நகராட்சியிலும், அஞ்சுதெங்கு, திருநெல்லி ஊராட்சிகளிலும் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, மாநிலம் முழுவதும் வார்டு வார்டாகத் தேடினார்கள். உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் ஆகிய நான்கையும் வைத்துப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பட்டியல், படிப்படியாகச் சலிக்கப்பட்டு, கிராம சபைகளின் ஒப்புதலோடு 64,006 குடும்பங்களாக, 1,03,099 பேராக நின்றது. இவர்களுள் பலர் எந்தத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்காதவர்கள், விண்ணப்பிக்க இயலாதவர்கள்: தனித்து வாழும் முதியவர், மனநலம் குன்றியவர், படுத்த படுக்கையானவர். கேட்டு வருபவருக்குக் கொடுப்பது என்ற வழக்கமான அரசு முறையில் இவர்கள் கடைசி வரை சிக்கமாட்டார்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு சிறு திட்டம் வரைந்தார்கள். ஒருவருக்கு இன்றே சோறு வேண்டும். இன்னொருவருக்கு மாதந்தோறும் மருந்து. மற்றொருவருக்கு மூன்று சென்ட் நிலமும் வீடும். உடனே செய்யத்தக்கது, குறுகிய காலத்தில் செய்யத்தக்கது, நீண்ட காலம் பிடிப்பது என்று அவற்றைப் பிரித்துக்கொண்டார்கள். சமைக்க இயலாத குடும்பங்களுக்குச் சமைத்த உணவே வீடு தேடிச் சென்றது. முதலில் முடிந்த வேலைகளுள் ஒன்று ஆவணங்கள். ‘அவகாசம் அதிவேகம்’ என்று அந்தப் பணிக்குப் பெயர். நமக்கு அவகாசம் என்றால் காலக்கெடு. மலையாளத்தில் அது உரிமை. ரேஷன் அட்டை, ஆதார், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று 21,263 பேருக்கு, இருக்க வேண்டியும் இல்லாதிருந்த தாள்கள் கிடைத்தன. மேலே நாம் எண்ணிக்கொண்ட பெண்மணி கேரளத்து வார்டு ஒன்றில் இருந்திருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர் போக வேண்டிய நடையை ஊராட்சியே நடந்திருக்கும்.

2025 நவம்பர் 1 அன்று, கேரளம் அதிதீவிர வறுமையிலிருந்து விடுபட்டதாக முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் அறிவித்தார். மீட்கப்பட்டவை 59,277 குடும்பங்கள். அப்படியானால் மற்றவை? ஒரே நபர் கொண்ட குடும்பங்களில் 4,421 பேர் இந்த இடைக்காலத்தில் இறந்துவிட்டார்கள். இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும் 261 குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 47 பெயர்கள் இருமுறை பதிவானவை. நான்கு ஆண்டுகளில் 4,421 தனியர்கள் இறந்தார்கள் என்ற எண்ணைத் தாண்டி உடனே அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. உதவி எவ்வளவு பிந்தி வந்து சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவை இருக்க முடியாது.

இந்த அறிவிப்பை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சிகள் சட்டமன்றத்தைப் புறக்கணித்தன. பொருளியல் அறிஞர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும், தேர்வுக்கான அளவுகோல் என்ன, தரவுகள் எங்கே என்று கேட்டார்கள். மிக வறியவர்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இருக்கும்போது 64,006 என்ற எண் எப்படி வந்தது என்ற கேள்வி எழுந்தது. பழங்குடி மக்களின் நிலை குறித்தும் ஐயம் எழுப்பப்பட்டது. இவை நியாயமான கேள்விகள். ஒரு மாநிலத்தின் வறுமை முடிந்துவிட்டது என்று தேதி குறித்து அறிவிப்பது அரசியலுக்கு ஏற்றதாக இருக்கலாம். ஒரு பெரிய நோய், ஒரு விபத்து போதும், நேற்று மீண்ட குடும்பம் இன்று திரும்ப விழுவதற்கு. ஆயினும், அறிவிப்பைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், வார்டு உறுப்பினரும் அயல்கூட்டப் பெண்களும் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தாளில் ஒரு திட்டம் எழுதிய அந்த முறை கற்றுக்கொள்ளத் தக்கது.

அதை அப்படியே எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளை வைத்து மத்திய அரசின் நிதி ஆயோக் போட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி, 2019-21 காலத்தில் கேரளத்தில் ஏழைகள் 0.55 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம், இந்தியா முழுமைக்கும் 14.96 சதவீதம். ஏழைகள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒளிந்திருப்பவரைத் தேடுவதே முதல் வேலை. ஊரில் பாதிப்பேர் ஏழைகளாக இருக்கும் ஊராட்சிக்கோ, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்திட்டம் வரைய ஆளும் இல்லை, பொழுதும் இல்லை. அங்கே பள்ளி, பாசனம், சாலை போன்ற பொது ஏற்பாடுகளே முந்த வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்தத் திசையில் முயற்சிகள் உண்டு. 2005-இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில், ஊர் மக்களே கூடி உட்கார்ந்து யார் மிக ஏழை, யார் ஏழை என்று வகைப்படுத்தும் மக்கள் நிலை ஆய்வு நடந்தது. அந்தப் பட்டியல் கிராம சபையில் வைக்கப்பட்டது. கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஐந்து லட்சம் மிக ஏழைக் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் மீட்கும் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் பட்டியலைத் தயாரிக்கும் கை எந்த அளவுக்கு ஊராட்சியின் கையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே, அதில் விடுபடுவோரின் எண்ணிக்கையும் இருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிராம ஊராட்சிக்கு வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய் உண்டு. ஆலை ஒன்று எல்லைக்குள் இருந்தால் இது கொழிக்கும். மானாவாரி நிலமும் ஓட்டு வீடுகளும் மட்டுமே உள்ள ஊரில் இது செயலரின் சம்பளத்துக்குக்கூடப் போதாது. எனவே ஏழை ஊரின் ஊராட்சியும் ஏழையாகவே இருக்கிறது; உதவி மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில்தான் சொந்தப் பணம் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யவே மாநில நிதி ஆணையத்தின் பகிர்வும் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் வருகின்றன. 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டும் என்று கட்டிவிட்டது. ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடத்தக்கதாக இருந்தது மிச்சமுள்ள 40 சதவீதம்.

இந்தப் பணத்துக்குத் தேர்தலோடு தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் 2016-இல் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்ற காரணத்தால் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் மீண்டும் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் வசம் போயின. தனி அலுவலர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் பல ஊராட்சிகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளும் ஓர் அதிகாரிக்கு, கடைசித் தெருவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிய வழியில்லை. வாக்குக் கேட்டு அந்தத் தெருவுக்குள் நடந்த வார்டு உறுப்பினருக்குத் தெரிந்திருக்கும்.

அருகிலிருப்பதன் ஆபத்து

அருகில் இருப்பவருக்குத்தான் தெரியும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அருகில் இருப்பவரே மறைக்கவும் கூடும். கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்ற வாதத்தை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் கிராமம் என்பது அவர் கருத்து. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டு, அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒதுக்கீட்டை ஏற்க மறுத்ததால் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தல் நடத்த முடியாமலே இருந்தது; 2006-இல்தான் அது கைகூடியது.

நிலமும் சாதியும் பெரும்பாலும் யார் ஏழை என்பதைத் தீர்மானிக்கும் ஊரில், அதே நிலமும் சாதியும் ஊராட்சியையும் பிடித்துக்கொண்டால், பட்டியலில் ஏற வேண்டிய பெயர் ஏறாது. ஏறக்கூடாத பெயர் முதலில் நிற்கும். தொகுப்பு வீடு ஏற்கெனவே மாடி உள்ளவருக்குப் போவதும், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்துகொள்வதும் கேள்விப்படாத செய்திகள் அல்ல. இதற்கு மருந்தாகச் சட்டம் வைத்திருப்பது கிராம சபை. பயனாளிகளின் பெயர்களை எல்லோர் முன்னிலும் வாசிக்க வேண்டும், வரவுசெலவை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்களாக இருந்த இக்கூட்டம், 2022-இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறாயிற்று. மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

அந்த நூறு கையெழுத்தை வீடு வீடாகப் போய் வாங்கிவிடும் ஊர்களும் உண்டு. நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில், வீடு ஒதுக்கப்பட்டோரின் பெயர்களைச் செயலர் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனார். பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெண், "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. எங்க தெருவுல எத்தனை பேரு வந்திருக்குன்னு சொல்லுங்க" என்றார். செயலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவர் பெயரும் இல்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்று தலைவர் சமாதானம் சொன்னார். அந்தப் பெண் உட்காரவில்லை. "அதையே தீர்மானமா எழுதுங்க" என்றார். சற்று நேர முணுமுணுப்புக்குப் பிறகு, அந்தத் தெருவின் விண்ணப்பங்களை முன்னுரிமையோடு பரிசீலிப்பது என்று ஒரு தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. அதன் எண்ணைத் தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்ட பிறகே அவர் பந்தலை விட்டு வெளியே போனார்.